என் செய்முறையைத் திருப்பி அனுப்பியவள்

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குச் செய்முறையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீடு குடிபோவது என்று எது நடந்தாலும் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்குச் செய்வது செய்முறை. பணமாகச் செய்யலாம், பவுனாகச் செய்யலாம், கிடாயாகவும் அண்டாவாகவும் செய்யலாம். மண்டப வாசலில் மேசை போட்டு ஊர், பெயர், தொகை என்று நோட்டில் ஏற்றுவார்கள். அந்த நோட்டு நிலப்பத்திரம் இருக்கிற பீரோவில்தான் இருக்கும். இன்றைக்கு நமக்குச் செய்தவர் வீட்டில் நாளைக்கு விசேஷம் வந்தால், அவர் செய்ததற்குக் குறையாமல் நாம் கொண்டுபோய்ச் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் சண்டை வரும், பேச்சுவார்த்தை நிற்கும். நாலு பெரிய மனுஷர் உட்கார்ந்து பேசினால் அதுகூடத் தீர்ந்துவிடும். கொண்டுபோன செய்முறையைத் திருப்பி அனுப்பினால் தீராது. உன்னோடு எனக்கு இனிக் கொடுக்கல் வாங்கல் இல்லை என்றுதான் இந்த ஊரில் அதற்கு அர்த்தம்.

போன ஐப்பசியில் என் சிநேகிதியின் மகளுக்குக் கல்யாணம். அரைப் பவுன் மோதிரம் செய்தேன். மேடையில் ஏறி, பெண்ணின் விரலில் நானே போட்டுவிட்டு இறங்கினேன். மறுவீடெல்லாம் முடிந்த பிறகு அந்த மோதிரம் அதே பெட்டியில் என் வீட்டுக்குத் திரும்பி வந்தது. கார் ஓட்டுகிற தம்பி வாசலில் நின்று, "அக்கா, அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று நீட்டினார். தாம்பூலப் பை போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வாங்கினேன். ராத்திரி அவளே போன் பண்ணினாள். "நமக்குள்ள என்னடி செய்முறை? உன் நெலமை எனக்குத் தெரியாதா? எதுக்கு உனக்கு இந்தச் செரமம்?"

கேட்டவர்கள் எல்லாரும் அவளைத்தான் மெச்சினார்கள். எவ்வளவு பெரிய மனசு என்றார் என் வீட்டுக்காரர். "ஆன்ட்டி மாதிரி யாரும்மா இருப்பா?" என்றாள் என் மகள். கடையில் என்னோடு நிற்கிற பிள்ளைகள், "அடகு வச்சாவது அதுக்கு வாங்குன குழுக் கடனை அடைச்சிருங்கக்கா" என்று யோசனை சொன்னார்கள். ஒருவருக்குக்கூட நான் அவமானப்பட்டேன் என்று தோன்றவில்லை. கையை நீட்டி அடித்திருந்தால் ஊர் எனக்காகப் பேசியிருக்கும். அவள் இரக்கப்பட்டு அடித்தாள். அதற்கு வலிக்கிறது என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் 1992-ல் கோரிப்பாளையம் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தோம். நான் வாடிப்பட்டிப் பக்கம். அவள் மேலூருக்குக் கிழக்கே. இந்த ஜில்லாவின் வயலை அறிந்தவர்களுக்கு இரண்டு ஊருக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று தெரியும். 1895-ல் பெரியாற்றை அணைகட்டி இந்தப் பக்கம் திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகத்துக்கு வரும். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். எங்கள் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் இருபோக நிலம். பெரிய பணக்காரர் இல்லை, ஆனால் குதிரில் நெல் தீர்ந்து நான் பார்த்ததில்லை. அவள் வீட்டில் பங்குனி, சித்திரையில் ரேஷன் அரிசிதான். விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் என் தூக்குவாளியில்தான் அவள் மதியம் சாப்பிட்டாள். ஒரே வாளி, இரண்டு கை. நான் கொடுக்கிறேன் என்று நானும் நினைக்கவில்லை, வாங்குகிறோம் என்று அவளும் கூசவில்லை.

இரண்டாம் வருஷம் என் அம்மா இறந்துபோனாள். காரியம் முடிகிறவரைக்கும் அவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என் பக்கத்தில் படுத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரினாள். நான் சாப்பிடாதபோது அவளும் சாப்பிடாமல் இருந்தாள். அதனால் வருகைப் பதிவு குறைந்து, கையில் காசில்லாதவள் அபராதம் கட்டிப் பரீட்சை எழுதினாள். அதற்கு நான் எத்தனை வாளி சோறு கொடுத்தாலும் ஈடாகாது. ஈடாக வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை.

பிறகு நடந்ததில் எங்கள் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. அவளுக்கு ஒத்தக்கடைப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாமனாருக்கு மானாவாரி நிலம், பாதி கரடு. அதைப் பார்த்து எங்கள் அப்பா, "பாவம், அந்தப் பிள்ளைய இங்கிட்டுக் கட்டிக் குடுத்திருக்கலாம்" என்று வருத்தப்பட்டார். 1999-ல் மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஸ்டாண்டு வந்தது. 2004 ஜூலையில் உயர்நீதிமன்றக் கிளை திறந்தார்கள். ஆடு மேய்ந்த கரடு சென்ட் கணக்கில் விலைபோனது. அவள் கே.கே. நகரில் மாடி வீடு கட்டினாள்.

என்னை மில் வேலைக்காரருக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு மதுரையில் மில் வேலை என்றால் போனஸ், பி.எஃப்., நிரந்தர வேலை. அந்த நிரந்தரம் என் மகள் பள்ளிக்கூடம் போகுமுன்னே முடிந்துவிட்டது. மில்லைப் பூட்டினார்கள். அவர் இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ராத்திரிக் காவல். அப்பாவின் இருபோக நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகனுக்குள்ள உரிமை மகளுக்கும் உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, எனக்குக் கல்யாணம் நடந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அப்பாவுக்குத் திதி கொடுத்த கையோடு அண்ணன் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார். இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அதில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டதில்லை. போடாவிட்டால் தாய்வீட்டு வாசல் கிடையாது. தன் மகளுக்குத் தாய்மாமன் வேண்டுமே என்று போடுகிறாள். நானும் போட்டேன். சட்டம் எழுதியவர்களுக்குத் தாய்மாமன் சீர் எப்படி ஒரு பெண்ணின் வாயை அடைக்கும் என்று தெரிந்திருக்காது.

ஆக, தண்ணீர் எங்கே வந்தது, கோர்ட்டு எங்கே வந்தது, மில்லை எப்போது பூட்டினார்கள் என்பதில்தான் எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கையும் இடம் மாறியது. இதில் அவளைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவள் வீடு கட்டியபோது நான்தான் முதல் நாள் போய்க் கோலம் போட்டேன். பொறாமை என்று சொல்லி என் வாயை மூடப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: அவள் காரில் போவது என்னைச் சுட்டதே இல்லை. என்னைச் சுட்டது வேறு.

நாற்பத்தைந்துக்கு மேல் அவளுக்கு ஒரு வெறுமை வந்தது. பையன் வெளிநாட்டில். மகள் பெங்களூரில் வேலை. வீட்டுக்காரர் நிலம், பத்திரம், பார்ட்டி என்று அலைகிறவர், வீட்டுக்கு வந்தாலும் போனோடுதான் இருப்பார். அவளுக்கு மாதவிடாய் நிற்கிற நேரம். ராத்திரியெல்லாம் உடம்பு கொதிக்கும், ஏ.சி. போட்டும் வேர்க்கும், தூக்கம் வராது, காரணமில்லாமல் அழுகை வரும். "எனக்கு எதுவுமே புடிக்கலடி" என்று ஆரம்பிப்பாள். கடையிலிருந்து வந்து, சோறு வடித்து, நான் படுக்கப் போகிற நேரத்தில் போன் வரும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். நான் ஒரு நாளும் வைக்கிறேன் என்று சொன்னதில்லை. அவள் துயரம் பொய்யில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் பேச்சுக்கு ஆளில்லாமல் ஒரு பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. பணக்காரிக்கு என்ன கவலை என்று நான் நினைத்ததே கிடையாது.

அதே வயதுதான் எனக்கும். அதே உடம்புதான். எனக்கும் கொதித்தது. எனக்கு அதோடு உதிரம் நிற்காமல் போனது. மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்கிறேன். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் தளத்துக்கும் முக்காலி வந்தது. ஆள் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்றார்கள். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் ஆள் இல்லாத நேரம் ஏது? உள்ளே துணி நனைந்து தொடையில் ஒட்ட, நான் கல்யாணப் பட்டுகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இதை ஒரு நாள் போனில் அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவள் சொன்னாள்: "உனக்கென்னடி, வேலைக்குப் போற, நாலு பேரப் பாக்குற, படுத்தாத் தூக்கம் வந்துரும். மாசம் ஆயிரம் ரூபா வருது, பஸ்ஸும் ஓசி. நிம்மதியா இருக்க. நான்தான் மாட்டிக்கிட்டேன்."

அந்த ஆயிரம் ரூபாய், 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால்தான் கிடைக்கும். அது எனக்குக் கிடைக்கிறது என்பது என் வருமானத்துக்குச் சாட்சி, என் நிம்மதிக்கு இல்லை. இல்லாதவள் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்ற பொய்யை இருக்கிறவர்கள் எத்தனை காலமாகச் சொல்லிவருகிறார்கள்! அவளாவது தெரிந்தவள், மேலூர்ப் பங்குனியைப் பார்த்தவள். அவள் எப்படி அதைச் சொன்னாள்?

கடைசியில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்ந்தேன். அவள் வந்தாள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு புது நைட்டி. தலையணைக்கு அடியில் கத்தையாக நோட்டு வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா செத்தபோது பக்கத்தில் படுத்தவள் இவள்தானே. அவள் மணியைப் பார்த்தாள். "வண்டிய நடுவுல நிறுத்திட்டு வந்திருக்கோம்டி. பணம் வேணும்னா கேளு, யோசிக்காத" என்று எழுந்துவிட்டாள். நான் பணம் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த அந்த இரும்பு ஸ்டூலில் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரத்தான் கேட்டேன், அதுவும் கண்ணால். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் போன் அவளுடையதுதான். மகளுக்குப் பார்த்த இடத்தில் வீட்டுக்காரர் தன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார் என்று அழுதாள். தையல் இழுக்க இழுக்க, ம் கொட்டிக்கொண்டு கேட்டேன்.

தமிழ் படித்த எங்களுக்குத் தோழி என்றால் யார் என்று தெரியும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 261 அடியும் தோழியின் பேச்சு. அதில் வருகிற 99 பூக்களின் பெயரை நாங்கள் இரண்டு பேரும் வைகைப் பாலத்தில் நடந்தபடி ஒருவருக்கொருவர் ஒப்பித்திருக்கிறோம். தலைவிக்காகச் செவிலியிடம் வாதாடுவது தோழி. சீக்கிரம் கல்யாணத்தைப் பேசு என்று தலைவனை நெருக்குவது தோழி. பரத்தை வீட்டிலிருந்து திரும்பியவனை வாசலிலேயே மறிப்பது தோழி. தலைவி உருகும்போது ஆற்றுகிறவளும் அவளே. அகப்பாட்டில் தலைவிக்கும் பெயர் கிடையாது, உண்மைதான். ஆனால் தலைவிக்குக் காதல் இருக்கிறது, பிரிவு இருக்கிறது, பசலை இருக்கிறது. அவ்வளவு பேசுகிற தோழிக்கு ஒன்றுமில்லை. அவளை விட்டு யாரும் பிரியவில்லை, அவளுக்கு உடம்பு மெலியவில்லை, அவளுக்காக ஒருத்தி போய் யாரிடமும் வாதாடவில்லை. தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. வளர்த்தவளின் மகள், அதாவது அந்த வீட்டில் ஒரு படி கீழே இருப்பவள். பதினெட்டு வயதில் இதைப் பரீட்சைக்காக எழுதினேன். ஐம்பது வயதில் அது நானாக இருக்கிறேன். இரண்டாயிரம் வருஷமாக ஒரு படி கீழே இருப்பவளுக்குச் சொந்த நோவு கிடையாது என்று வைத்திருக்கிறோமே, இது என்ன நியாயம்?

கல்யாணப் பட்டு எடுக்கச் சம்பந்தி வீட்டாரோடு எங்கள் கடைக்கே வந்தாள். என்னிடமே வந்தாள். முகூர்த்தப் பட்டு, நிச்சயப் பட்டு, வரவேற்புக்கு ஒன்று என்று ரெண்டு மணி நேரம் விரித்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "நல்லா பொறுமையா காட்டுறாங்களே" என்றார். "ஆமா, இவங்க நல்லா எடுத்துக் காட்டுவாங்க, அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்" என்றாள் அவள். என் உடம்பு சில்லிட்டுப்போனது. முப்பது வருஷமாக என்னை 'டீ' போட்டவள் அன்றைக்கு 'ங்க' போட்டாள். என் ஃப்ரெண்டு, ஒண்ணாப் படிச்சோம் என்று ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொன்னால் சம்பந்தி வீட்டில் என்ன குறைந்துவிடும் என்று பயந்தாளோ, தெரியவில்லை. பில் போட்ட பிறகு திரும்பிப் பார்த்து எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் ஒளித்துத்தான் கொடுத்தாள்.

அப்போதும் மோதிரம் செய்வது என்ற முடிவை நான் மாற்றவில்லை. 2015-ல் என் மகள் சடங்குக்கு அவள் அரைப் பவுன் செய்தாள். எங்கள் நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. அன்றைக்குப் பவுன் இருபதாயிரம் ரூபாயை ஒட்டி. 2025 அக்டோபரில் அது 90,000-ஐத் தாண்டியது. பவுனாகச் செய்தவர்களுக்குப் பவுனாகத்தான் திருப்பிச் செய்ய வேண்டும், அன்றைய விலைக்குப் பணம் கொடுப்பது முறை இல்லை. செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் பக்கம் வந்தது. பாதி நான் கட்டிய நகைச்சீட்டு. மீதி, ஃபைனான்ஸ் கம்பெனி கொடுக்கிற குழுக் கடன். அந்தக் கடன் எப்படிப்பட்டது என்று தெரியாமல் வாங்கவில்லை. வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து மிரட்டி வசூலிக்கிறார்கள் என்று 2025-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். ஏனென்றால் கடையில் 'இவங்க' ஆகிவிட்ட நான், அந்த மேடையில் அவளுக்குச் சமமாக ஒரு நிமிஷம் நிற்க அது ஒன்றுதான் வழி. அவள் நோட்டில் என் பெயர் ஏறும், அரைப் பவுன் என்று எழுதுவார்கள், கணக்கு நேராகும், நாங்கள் மறுபடி இரண்டு வீட்டார் ஆவோம் என்று நினைத்தேன்.

அதைத்தான் அவள் டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள்.

கொடுப்பதும் வாங்குவதும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியில் சின்னப்பிள்ளை என்று ஒரு அம்மா. எழுதப் படிக்கத் தெரியாது, வயலில் கூலி வேலை செய்தவர். களஞ்சியம் என்று பெண்களைக் கூட்டிச் சேமிப்புக் குழு நடத்தியவர். 2001-ல் டெல்லியில் விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. அந்தக் குழுக்களில் ஒவ்வொருத்தியும் காசு போடுகிறாள், ஒவ்வொருத்தியும் கடன் எடுக்கிறாள். போன மாசம் வாங்கியவளின் காசு இந்த மாசம் இன்னொருத்தியின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போகும். வாங்குகிறவள் என்று ஒரு ஜாதியும் கொடுக்கிறவள் என்று ஒரு ஜாதியும் அங்கே கிடையாது. அதனால்தான் கஞ்சிக்கு இல்லாத பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி நிமிர்ந்து பார்க்கிறார்கள். மூன்று கார் நிற்கிற அவள் வீட்டில் என்னால் நிமிர முடியவில்லை. அங்கே நான் கொடுத்தது எதுவும் செல்லாது. என் ராத்திரிகள் செல்லவில்லை, நான் கேட்ட அழுகை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை, கடைசியில் தங்கமும் செல்லவில்லை.

ஏண்டி, ஒரு வார்த்தை கேட்கிறேன். சம்பந்தி வீட்டார் ஐந்து பவுன் செய்தார்கள், அதைத் திருப்பினாயா? உன் வீட்டுக்காரரோடு நிலத் தொழில் பண்ணுகிறவர்கள் செய்ததைத் திருப்பினாயா? அவர்களிடம் வாங்கினால் நாளைக்கு நீ செய்ய வேண்டியிருக்கும், உறவு தொடரும், அதற்கு நீ தயார். என்னிடம் வாங்கினால் நான் உனக்குச் செய்தவள் ஆகிவிடுவேன். அதை உன்னால் தாங்க முடியவில்லை. உன் மனசு பெரிசு என்று ஊர் சொல்கிறது. ஒரு ஏழையிடமிருந்து அரைப் பவுன் வாங்க முடியாத மனசு அது. நீ எனக்கு எவ்வளவோ கொடுத்தாய், ஆஸ்பத்திரியில் வைத்த பணம் உட்பட. எல்லாவற்றையும் நான் வாங்கிக்கொண்டேன். கூசிக்கொண்டு வாங்கினேன், உன் முகம் வாடக்கூடாதே என்று வாங்கினேன். எனக்காக நீ ஒரே ஒருமுறை அப்படி வாங்கியிருக்கக் கூடாதா?

மோதிரத்தை நான் விற்கவும் இல்லை, அடகு வைக்கவும் இல்லை. குழுக் கடனுக்கு வாரா வாரம் கட்டிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி அவள் போன் வந்தால் எடுப்பதில்லை. எடுத்தால் மறுபடி ம் கொட்டிவிடுவேன் என்று தெரியும்.

இதைப் படிக்கிற வசதியுள்ள அக்கா, தங்கச்சிகளே, உங்களோடு படித்தவள் ஒருத்தி ஏதாவது ஒரு கடையில் நின்றுகொண்டிருப்பாள், அல்லது ஒரு வாடகை வீட்டில் உங்கள் போனுக்குக் காத்திருப்பாள். உங்கள் குறைகளையெல்லாம் அவளிடம்தான் சொல்லியிருப்பீர்கள். அடுத்த தடவை பேசும்போது அவளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்காதீர்கள். நடுவில் பர்ஸைத் திறக்காதீர்கள்.